இடது பக்கத்துக் கதவு

தம்புச்செட்டித் தெருவிலிருந்து ஹபிபுல்லா பேசினார்.
பெட்டிகள் எத்தனை, என்ன எடை, எதுவும் கேட்கவில்லை.
ஒரே கேள்வி:
"ஸ்டியரிங் எந்தப் பக்கம், மதாம்?"

இடது என்றேன்.
அந்த முனையில் டீ உறிஞ்சும் சத்தம்.
"அப்போ நம்ம ஊருக்கு அது கார் இல்லை மதாம், இரும்பு.
வலதாவே இருந்தாலும்
வண்டி விலைக்கு மேலே வரி நிக்கும்.
சோபா கொண்டு வாங்க. பிரிஜ் கொண்டு வாங்க.
பழைய வாஷிங் மெஷினுக்குக்கூட வழி இருக்கு."

சாம்பல் நிறப் பெழோ.
இடது கதவில் ஒரு நெளிவு,
சூப்பர்மார்க்கெட் தூணோடு எனக்கிருந்த வாய்த்தகராறு.
சார்செல்லில் விடிகாலை நாலு மணிக்கு ரயில் கிடையாது.
ஆஸ்பத்திரித் தரைக்கு நாலரைக்கு நான் வேண்டும்.
வாங்கியது அதற்குத்தான், ஆசைக்கு இல்லை.
ஆசை பிறகு வந்தது.

லைசென்ஸ் மூன்றாம் முறைதான் கிடைத்தது.
முதல் இரண்டும் தோற்றது ஒரே விதியில்:
வலப்பக்கத்திலிருந்து வருபவனுக்கு வழி விடு.
யாரும் வரவில்லை என்றுதான் நினைத்தேன்.
வந்துகொண்டிருந்தார்கள்.

அந்துவானுக்கு ஓட்ட வராது,
பட்டாளத்தில் பதினெட்டு வருஷம் ரொட்டி சுட்ட மனுஷன்.
என் வலப்பக்கம் உட்கார்ந்து
மடியில் வரைபடத்தை விரித்து
திருப்பம் தாண்டிய பிறகு
"இங்கேதான்" என்பார்.
பென்ஷன் காகிதம் வந்த அன்று
"இங்கே போதும், ஊருக்குப் போய்டலாம்" என்றதும் அவர்தான்.
அந்த ஒரு திருப்பத்தை மட்டும்
முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

மாடிவீட்டு மாமாதூ வாங்கிக்கொண்டான்.
அவன் ஊரில் ஸ்டியரிங் இடப்பக்கமாம்.
கப்பலேற்றி டாக்கருக்கு அனுப்பி
போட்டோ போட்டிருந்தான்:
மணல், கடல், பின்சீட்டில் ஏழு பிள்ளைகள்,
கண்ணாடியில் தொங்கும் வில்லியனூர் மாதா.
ஏன் கழற்றவில்லை என்று எழுதிக் கேட்டேன்.
இத்தனை தூரம் பத்திரமாகக் கொண்டுவந்தவளை
எப்படி இறக்கிவிடுவது என்றான்.

ஆக, கார் ஊர் போய்ச் சேர்ந்தது.
யாரோ ஒருவர் ஊர்.

மீனம்பாக்கத்துக்குக் கொழுந்தன் கபிரியேல் வண்டியோடு வந்திருந்தான்.
பழக்கத்தில் இடது கதவைத் திறந்து உட்கார்ந்தேன்.
கை தானாக உயர்ந்தது.
எதிரே ஒரு டிஷ்யூ டப்பா, ஒரு குட்டி அந்தோணியார்.
அதே இடம்.
சக்கரம் மட்டும் நகர்ந்திருந்தது.

குருசுக்குப்பம் வந்த நாளிலிருந்து
எல்லோரும் மரியாதையாக இருக்கிறார்கள்.
"நீங்க உக்காருங்க அண்ணி, நான் ஓட்டுறேன்."
மார்க்கெட்டுக்கு, பூசைக்கு,
உயிரோடு இருக்கிறேன் என்று காட்டக் கான்சுலேட்டுக்கு.
எதிரே பஸ் வந்தால்
மிதியடியை ஓங்கி மிதிக்கிறேன்.
மிதியடி நிற்பாட்டாது.

லாசுப்பேட்டையில் வேல்விழியின் டிரைவிங் ஸ்கூல்.
நெற்றியில் எல் போட்ட வெள்ளை மாருதி.
வலது கதவைத் திறந்து ஏறினேன்,
அடுத்தவர் செருப்பில் கால் நுழைத்த மாதிரி.
இடப்பக்கம், என் இடத்தில்,
காலுக்கடியில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்துக்கொண்டு அவள்.
கியர் என்று நான் பிடித்தது
கண்ணாடி இறக்கும் கைப்பிடி.
சிக்னல் என்று தட்டினால்
மே மாத வெயிலில் வைப்பர் ஆடுகிறது.
பின்சீட்டில் அந்துவான் சிரிக்காமலிருக்கப் பாடுபடுகிறார்.

கொக்குப் பார்க் தாண்டி ஒரு முச்சந்தி.
வலப்பக்கத்திலிருந்து தண்ணீர் கேன் டெம்போ.
நிறுத்தினேன்.
அதன் பின்னால் ஒரு ஸ்கூட்டர், அதன் பின்னால் ஒரு மாடு.
"ஏன் நிக்கிறீங்க?" என்றாள் வேல்விழி.
"வராங்களே."
"வந்துகிட்டேதான் இருப்பாங்க. நீங்க போங்க."

"இங்கேதான்" என்றார் பின்னாலிருந்து அவர்.

ஹாரனை அழுத்தினேன்.
தேடாமல் கைக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.
இரண்டு தேசத்திலும் நடுவில் இருக்கிறது.